பாம்பன் பாலம் ஏற அரை போன் பேட்டரி போதும், காற்றைத் தாண்ட? சாய்வு சைக்கிளில் மோட்டார் மாட்டும் முழு விவரம்

[திரையில்: பாம்பன் சாலைப் பாலம். சீட்டுக்குப் பின்னால் உயரமான கம்பியில் ஆரஞ்சுக் கொடி படபடக்கும் சாய்வு சைக்கிள் ஏறி வருகிறது.]

வணக்கம் மக்களே. பாம்பன் சாலைப் பாலத்தின் உச்சிக்கு ஒரு சைக்கிளை, ஆளோடு, பேட்டரியோடு, மொத்தம் 100 கிலோ எடையை ஏற்ற எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? உச்சி தரையிலிருந்து 30 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 8 வாட்-ஹவர். உங்கள் கையில் இருக்கும் 5000 எம்.ஏ.ஹெச். போன் பேட்டரியில் இருப்பது சுமார் 19 வாட்-ஹவர். அதாவது பாலம் ஏற அரை போன் பேட்டரி கூட வேண்டாம்!

அதே சைக்கிள் பாலத்தை விட்டு இறங்கி, மேடே இல்லாத சமதளத்தில், நம்ம ஊர் எதிர்க்காற்றில் 10 கிலோமீட்டர் போகட்டும். சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் காற்றைத் தள்ள மட்டும் 120 வாட்-ஹவருக்கு மேல் ஆகும். ஆறு போன் பேட்டரி. நாம் பயப்படுவது பாலத்தைப் பார்த்து, நம்மைக் களைக்க வைப்பது காற்று. இன்றைய வீடியோ முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றித்தான், கடைசி வரை பாருங்கள். ஏனென்றால் மோட்டார் கிட் விற்கிற யாரும் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

சாய்வு சைக்கிள், ஆங்கிலப் பெயரில் ரிகம்பண்ட். முதுகைச் சீட்டில் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிப்பது. பல மாடல்களில் பெடல் முன் சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். இரண்டு சக்கரத்திலும் உண்டு, முன்னால் இரண்டு பின்னால் ஒன்று என்று மூன்று சக்கரத்திலும் உண்டு. நம் பக்கத்துக் கடைகளில் இது தொங்காது, வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் நல்ல வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டும். விளக்கம் அவ்வளவுதான்.

இவ்வளவு நல்ல வண்டி ஏன் தெருவில் இல்லை என்று கேட்பீர்கள். 1933 ஜூலையில் பாரிஸில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர், அன்றைய முன்னணிப் பெயர்களில் அவர் இல்லை, சார்ல்ஸ் மோஷே செய்த வெலோகார் என்ற சாய்வு சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார். 1914-ல் ஆஸ்கார் எக் வைத்த 44.247 கிலோமீட்டர் சாதனையைக் கிட்டத்தட்ட இருபது வருஷமாக யாராலும் அசைக்க முடியாமல் இருந்தது, அதை அவர் உடைத்தார். பரிசு என்ன தெரியுமா? 1934-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் சாய்வு சைக்கிளைப் பந்தயத்திலிருந்தே ஒதுக்கிவிட்டது. பந்தயத்தில் இல்லாததைக் கம்பெனிகள் செய்யவில்லை, கம்பெனி செய்யாததை நாம் பார்க்கவில்லை. எனக்கு இது இன்றைக்கும் ஆற்றாமைதான். 2016-ல் அமெரிக்காவின் நெவாடாவில் டாட் ரைகெர்ட் என்பவர் முழுக்கக் கூடு மூடிய சாய்வு சைக்கிளில், மோட்டாரே இல்லாமல், காலால் மிதித்து மணிக்கு 144 கிலோமீட்டர் தொட்டார். நம்புங்கள், காலால்.

சரி, காற்றுக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

[திரையில்: இரண்டு ஓட்டிகள் பக்கவாட்டில், அம்புக்குறியால் காற்று]

நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறவரின் நெஞ்சு, வயிறு, தோள், தலை எல்லாம் காற்றை நேராக வாங்கும். சாய்ந்து ஓட்டுகிறவர் காட்டுவது முக்கியமாக உள்ளங்காலையும் முழங்காலையும்தான், மீதி உடம்பு அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது. காற்று எதிர்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும். இன்னொன்று, தரைக்குப் பக்கத்தில் காற்றின் வேகமே குறைவு, சாய்வு சைக்கிள்காரர் உட்கார்ந்திருப்பதே அந்தத் தாழ்வான இடத்தில்.

இப்போது எண்களைப் போடுகிறேன். எதிர்க்காற்று மணிக்கு 25 கிலோமீட்டர், நம் கடலோரத்தில் மத்தியானம் சர்வசாதாரணம். நீங்கள் 15-ல் போகிறீர்கள். உங்கள் மேல் படுகிற காற்று 25-ம் 15-ம் சேர்ந்து 40. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இந்த 40 சும்மா இல்லை. சாதாரண சைக்கிளில் காற்றுக்கு மட்டும் சுமார் 185 வாட் கொடுக்க வேண்டும். சக்கரம் உருள்வதற்கு இன்னும் 25. மொத்தம் 210 வாட். தினமும் வேலைக்குப் போகிற, விளையாட்டு வீரர் அல்லாத ஒருவரின் கால் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியது 75 முதல் 100 வாட். அதனால்தான் ஆடி மாதத்தில் உச்சிப்புளிச் சாலையில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஆள் என்ன செய்வார்.

இன்னும் ஒரு சங்கதி கேளுங்கள். அந்த 25 கிலோமீட்டர் எதிர்க்காற்று உங்களைப் பின்னுக்குத் தள்ளும் விசையை, மலையேற்றத்தின் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். 100 மீட்டர் போனால் சுமார் நாலரை மீட்டர் உயர்கிற ஏற்றத்துக்குச் சமம்! நாலரை சதவீத ஏற்றம் என்பது மலைச்சாலை. அதாவது நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை வரைபடத்தில் மட்டும்தான் சமதளம், காலுக்கு அது மலை. அந்த மலைக்கு உச்சி கிடையாது, மறுபக்கம் இறக்கமும் கிடையாது, வீடு வரைக்கும் ஏற்றம்தான். மலைப்பாதைக்கு மோட்டார் வைத்த சைக்கிளைப் பற்றி மலையே இல்லாத ஊரிலிருந்து ஏன் பேசுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

சாய்வு சைக்கிளில் அதே காற்று, அதே வேகம்: காற்றுக்கு 92, உருள 25, மொத்தம் 117 வாட். கால் தருவதற்கும் தேவைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சின்னதாகிவிட்டது பாருங்கள். இந்த இடைவெளியை நிரப்பத்தான் மோட்டார். பெரிய மோட்டார், பெரிய பேட்டரி என்று பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் உட்காரும் விதத்தை மாற்றுங்கள் என்பது என் வாதம். உட்காரும் விதத்தை மாற்றினாலே பாதி மோட்டார் மாட்டிய பலன்.

நம் காற்றுக்கு நேரமும் காலமும் உண்டு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம், ராமேஸ்வரம் போகிறவரைக் காற்று பின்னாலும் பக்கத்திலுமாகத் தள்ளிக்கொண்டே போய்விடும், திரும்பும்போதுதான் முகத்தில் அடிக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். போகும்போது காற்று தள்ளுவதை நம்பி பேட்டரியைப் பாதி தீர்த்துவிட்டால் திரும்பி வர முடியாது. கச்சானில் போகும்போது மூன்றில் ஒரு பங்குதான் செலவழிக்கலாம், மீதி வீட்டுக்கு.

பாலத்தின் மேல் கதை வேறு. பாலம் ஓடுகிற திசைக்குக் கச்சானும் வாடையும் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். 1988-ல் திறந்த, 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. பக்கத்துப் பழைய ரயில் பாலத்தில் 2022 வரை ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். ரயிலையே நிறுத்துகிற காற்றில் எந்த சைக்கிளும் வேண்டாம், சாய்வோ நிமிர்வோ, மண்டபத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு நில்லுங்கள்.

[திரையில்: மலைப்பாதை வளைவு]

இப்போது சாய்வு சைக்கிளின் பலவீனம். மேடு. நிஜமான மேடு. சாதாரண சைக்கிளில் ஏற்றம் வந்தால் சீட்டை விட்டு எழுந்து, உடம்பு எடையை முழுக்கப் பெடலில் போட்டு எக்கி மிதிப்போம். சாய்வு சைக்கிளில் எழுந்து நிற்க முடியாது. சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து உதைக்கலாம், ஆனால் அதை வழக்கமாக்கினால் முழங்கால் போய்விடும். கியரைக் குறைத்து லேசாகச் சுற்ற வேண்டும். 6 சதவீத ஏற்றத்தில் 100 வாட் கொடுக்கிற ஆள் மணிக்கு 5, 6 கிலோமீட்டரில்தான் ஏறுவார். அந்த வேகத்தில் இரண்டு சக்கரச் சாய்வு சைக்கிள் தள்ளாடும், ஹேண்டில் ஆடும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். 250 வாட் மோட்டார் சேர்ந்தால் அதே ஏற்றத்தில் வேகம் 15-ஐத் தொடும். களைப்பு குறைவது மட்டும் இல்லை, வண்டி நிலையாக நிற்பதே அப்போதுதான். மூன்று சக்கரம் என்றால் தள்ளாட்டப் பிரச்சினையே இல்லை, நடை வேகத்தில் கூட ஏறலாம், ஆனால் வண்டி அகலம், நம் ஓரச் சாலையில் இடம் போதாது.

மோட்டார் எங்கே மாட்டுவது? இங்கேதான் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. சாய்வு சைக்கிள்கள் நிறைய 20 இஞ்ச் சின்னச் சக்கரத்தில் வரும். நம் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளில் 28 இஞ்ச். ஒரே ஹப் மோட்டாரை, சக்கரத்தின் நடுவில் உட்காருகிற மோட்டார், இரண்டிலும் கோர்த்துப் பார்ப்போம். மோட்டாரின் முறுக்கு விசை 40 நியூட்டன் மீட்டர் என்றால், 28 இஞ்ச் சக்கரம் தரையைத் தள்ளுவது சுமார் 115 நியூட்டன் விசையில். 20 இஞ்ச் சக்கரம் தள்ளுவது 160-ல்! பைசா செலவில்லாமல் மேடு ஏறும் பலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. அது மட்டுமா, மணிக்கு 15-ல் போகும்போது பெரிய சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 112 சுற்று, சின்னது 160 சுற்று. மோட்டாருக்கு மெதுவாகச் சுற்றுவது பிடிக்காது, வாங்குகிற கரண்ட்டை வேலையாக மாற்றாமல் சூடாக மாற்றிவிடும். சின்னச் சக்கரத்தில் அது சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, சூடு குறைகிறது, பேட்டரி மிச்சம்.

இதற்கு ஒரு விலை உண்டு. 28 இஞ்சில் 25 கிலோமீட்டர் வேகம் தரும் மோட்டார் 20 இஞ்சில் 17, 18-லேயே நின்றுவிடும். அதனால் ஆர்டர் போடும்போது வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், நிமிஷத்துக்கு எத்தனை சுற்று, எந்தச் சக்கரத்துக்குச் சுற்றப்பட்ட மோட்டார் என்று கேளுங்கள். மலை ஊர்க்காரர் குறைந்த சுற்று வாங்கலாம், நம் கடலோரக்காரர் கொஞ்சம் அதிகச் சுற்று.

கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருக்கிறவர்களுக்கு என் பரிந்துரை மிட் டிரைவ். பெடல் இருக்கும் இடத்தில் மோட்டார் உட்கார்ந்து, செயின் வழியாக, உங்கள் கியர்கள் வழியாகவே சக்கரத்தைச் சுற்றும். ஏற்றம் நீண்டுகொண்டே போனாலும் கியரைக் குறைத்து மோட்டாரை அதன் பிடித்த வேகத்தில் வைத்திருக்கலாம். ஆனால் சாய்வு சைக்கிளில் பெடல் மூக்கு நுனியிலும் பின் சக்கரம் வால் நுனியிலும் இருப்பதால் செயின் சாதாரண சைக்கிளைப் போல இரண்டரை, மூன்று மடங்கு நீளம். அது சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன உருளையின் மேல் வளைந்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்து போகும். மோட்டாரின் இழுப்பு முழுக்க அந்த உருளையின் பேரிங்கில் இறங்கும். அதைத் தரமானதாகப் போடுங்கள், பிளாஸ்டிக் உருளை என்றால் பல் தேய்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

முன் சக்கரத்தில் ஹப் மோட்டார் மாட்டுவது சுலபம்தான், ஆனால் ஏற்றத்தில் எடை பின்னால் போய் முன் சக்கரம் மண்ணில், ஈரத்தில் சறுக்கும். தனுஷ்கோடி சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் இது ஆபத்து. பின் சக்கரம்தான் என் ஓட்டு.

அடுத்து சென்சார். மலிவான கிட்டில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும், கொஞ்சம் சுற்றிய பிறகுதான் மோட்டாருக்குச் சொல்லும். சாய்வு சைக்கிளில் கால் மேலே இருக்கிற நிலையில் மேட்டில் புறப்படும்போது அந்த அரைச் சுற்றுதான் உயிர் போகிற இடம். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளக்கும் டார்க் சென்சார் அழுத்தியவுடனே உதவும். காசு கூடத்தான், கொடுக்கலாம். பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்துகிற கட்-ஆஃப் லீவரும் கட்டாயம்.

சட்டம் ஒரே வரியில்: 250 வாட்டுக்கு உட்பட்டு, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நிற்கிற சைக்கிளுக்குப் பதிவும் லைசென்ஸும் வேண்டாம், 1000 வாட் கிட் மாட்டினால் அது மோட்டார் வாகனம், அதற்குரிய எல்லாம் வேண்டும்.

பேட்டரி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர், அதாவது 360 வாட்-ஹவர். தங்கச்சிமடத்திலிருந்து பாலம் தாண்டி உச்சிப்புளிக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிற ஒருவருக்கு, அந்த எதிர்க்காற்றிலும், சாய்வு சைக்கிளில் கிலோமீட்டருக்கு 5, 6 வாட்-ஹவர் உதவி போதும். வீட்டில் முழுக்க சார்ஜ் போட அரை யூனிட்டுக்கும் குறைவான கரண்ட்தான். மலைக்காரர்களுக்கு ஒரு எளிய கணக்கு: 100 கிலோ எடையை 100 மீட்டர் உயர்த்த 27 வாட்-ஹவர், மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் 36, 37. உங்கள் ஊர் ஏற்றம் எத்தனை மீட்டர் என்று போனில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி நல்லது, எடை கூட, ஆனால் சூட்டைத் தாங்கும், அதிக வருஷம் உழைக்கும். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள், நிழலில் ஆறட்டும்.

மாட்டும்போது டார்க் ஆர்ம் என்ற சின்ன இரும்புப் பட்டையை யாரும் விடக்கூடாது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த இந்தப் பட்டை இல்லையென்றால் ஃபோர்க்கின் வாயை விரித்துக்கொண்டு சக்கரம் கழன்று வரும், வயர் முறுக்கி அறுந்துபோகும். பெட்டியோடு வருகிறது, கடைக்காரர் எதற்கென்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடுகிறார். "அண்ணே, அந்தப் பட்டையையும் போடுங்க" என்று நின்று வாங்குங்கள்.

அப்புறம் நம் மண்ணுக்கே உரிய இரண்டு எதிரிகள். ஒன்று உப்பு. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் செம்புப் பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், மோட்டார் விட்டு விட்டு இழுக்கும், பேட்டரி போய்விட்டது என்று நினைப்பீர்கள், பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மாட்டும் நாளிலேயே ஒவ்வொரு கனெக்டரிலும் மின் இணைப்புக்கான சிலிக்கான் கிரீஸ் வைத்து மூடிவிடுங்கள். மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுகிற கன்ட்ரோலர் பெட்டியின் வயர் வாய் கீழே பார்க்கிற மாதிரி கட்டுங்கள், உள்ளே தண்ணீர் தேங்காது. கடலோரம் ஓட்டி வந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், பம்ப் வைத்துப் பீய்ச்சி அடிக்க வேண்டாம்.

இரண்டாவது கருவை முள். சாலை ஓரம் முழுக்கச் சீமைக் கருவேலம்தான், வெட்டிப் போட்ட நாளில் டயர் தப்பாது. மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்றுவது பஞ்சர் கடைக்காரருக்கே தலைவலி, வயரை உருவி, நட்டைத் தளர்த்தி, டார்க் ஆர்மை அவிழ்க்க வேண்டும். கழற்றவே வேண்டாம். சைக்கிளைப் படுக்க வைத்து, முள் குத்திய இடத்தில் டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை ஒரு சாண் வெளியே இழுத்து, தேய்த்து, பசை தடவி ஒட்டி உள்ளே தள்ளிவிடலாம். டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி விரித்து வைத்தால் முள் பாதி வழியிலேயே நிற்கும்.

கொடியை மறக்காதீர்கள். சாய்ந்து ஓட்டுகிறவரின் தலை கார் ஜன்னல் உயரத்தில்தான் இருக்கும், பஸ் டிரைவருக்குப் பக்கத்தில் வந்தால் தெரியவே தெரியாது. இரண்டு மீட்டர் உயரக் கம்பியில் ஆரஞ்சுக் கொடி, பின்னால் பகலிலும் மின்னும் சிவப்பு விளக்கு, இரண்டு பக்கமும் கண்ணாடி. பாலத்தில் டூரிஸ்ட் வண்டிகள் ரயில் பாலத்தைப் பார்க்கத் திடீரென்று நிற்கும், கதவு திறக்கும், அந்த இடத்தில் மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் காலில் போங்கள்.

மலை ஊர்களில் இருந்து பார்க்கிறவர்கள் கமெண்டில் மூன்றே எண்களைப் போடுங்கள்: உங்கள் எடை, வீட்டிலிருந்து வேலைக்கு எத்தனை மீட்டர் ஏற்றம், சக்கரம் எத்தனை இஞ்ச். என்ன மோட்டார், எவ்வளவு பேட்டரி என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு அடுத்த வீடியோவில் சொல்கிறேன். தொண்டி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கத்து மக்கள் ஏற்றத்துக்குப் பதிலாக எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசையில் போகிறீர்கள் என்று எழுதுங்கள். சேனலை சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டு எழுதினால் பதில் வந்ததும் உங்களுக்குத் தெரியும்.